சீட்டு வந்தது, ஆள் வரவில்லை

போன மழைக்குப் பிறகு எங்கள் சபை வாலிபப் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ரொட்டிப் பொட்டலம், போர்வை, ஆளுக்கொரு போன். தண்ணீர் புகுந்த வீடுகளைச் சந்திக்கக் கிளம்பியிருந்தார்கள். "ஆன்ட்டி, அங்க போயி என்ன பேசறதுன்னே தெரியல. 'கடவுள் ஏன் இப்படிப் பண்ணாரு'ன்னு கேட்டா எந்த வசனத்தைச் சொல்லணும்? எழுதிக் குடுங்களேன், சபைப் பத்திரிகையில போட்டுடலாம்" என்றாள் ஒரு பெண். எந்த வசனம் என்று அவள் கேட்டதும் எனக்கு லில்லி ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சபையில் பைபிள் உமனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அந்த வேலையே பல சபைகளில் இல்லை. வீடு வீடாகப் போய், படிக்கத் தெரியாதவர்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது, வியாதிக்காரரோடு ஜெபிப்பது, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று வந்து குருவானவரிடம் சொல்வது, இதுதான் வேலை. ஊரில் எல்லோருக்கும் நான் பைபிள் அம்மா. இந்து வீடுகளிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கலாசி, பளு தூக்குகிற வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நான் பயிற்சி இல்லத்தில் சேர்ந்தேன். வசனம் மனப்பாடம், பாட்டு, ஜெபம், கொஞ்சம் முதலுதவி. துக்க வீட்டுக்கு என்றே ஒரு வரிசை வசனங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். குழந்தை போனால் இது, வியாதியில் போனால் இது, விபத்தென்றால் இது. மருந்துக்கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே அலமாரியில் கை வைப்பாரே, அந்த மாதிரி எனக்கும் பழகிப்போனது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் சபைக்கு ஞானமுத்து ஐயர் வந்தார். எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஒல்லியான ஆள், ஆஸ்துமா உண்டு. ஒரு பழைய சைக்கிள். பஞ்சர் ஆனால் அவரே உட்கார்ந்து ஒட்டுவார். யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டி நுனியால் இரண்டு பக்கமும் துடைப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், திரும்ப மாட்டிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். கமிட்டிச் செயலாளர் ஜெயராஜ் சார் ஹைஸ்கூல் வாத்தியார், படபடவென்று பேசுகிறவர். "நம்ம ஐயருக்குக் கண்ணாடி தொடைக்கத்தான் சம்பளம்" என்று அவர் காதுபடவே சொல்வார். ஐயர் சிரித்துக்கொள்வார்.

முதல் தடவை அவரோடு துக்க வீட்டுக்குப் போனேன். சானடோரியம் பக்கம், ஒரு தகப்பனார் ரயிலில் அடிபட்டிருந்தார். நான் வாசலிலேயே வசனத்தை ஆரம்பித்துவிட்டேன். ஐயர் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது, "கிரேஸம்மா, வசனக் கடையை நல்லா அடுக்கி வெச்சிருக்கீங்க. நான் சொல்றப்ப தொறந்தா போதும்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவருடைய முறையைப் போகப்போகத்தான் கற்றுக்கொண்டேன். முதல் நாள் வேதப்புத்தகம் சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்குகிற பையிலேயே இருக்கும். உள்ளே போய் நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். இறந்தவரின் ஆட்கள் தரையில் இருந்தால் அவரும் தரையில். முதல் கேள்வி, "இங்க யார் இன்னும் சாப்பிடல?" என்பதுதான். பிறகு இறந்தவரின் பெயரை, செல்லப்பெயர் இருந்தால் அதையும், கேட்டுத் தெரிந்துகொள்வார். ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொல்வார். நான் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ வேண்டும், குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'தேவ சித்தம்' என்ற வார்த்தையை நாங்கள் சொல்லவே கூடாது. "அது அவங்க வாயில வந்தா நாம ஆமென் சொல்லலாம். நாம சொல்லி அவங்களை ஆமென் சொல்ல வெக்கக் கூடாது" என்பார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அவர் வந்து சில வருஷத்தில் பெய்த பெரிய மழையில்தான் தெரிந்தது.

முடிச்சூர் பக்கம், ஏரிக்குக் கீழே தாழ்வான இடத்தில் லில்லி குடியிருந்தாள். எங்கள் ஞாயிறு பள்ளியில் படித்த பெண். அவள் புருஷன் மணி கொத்தனார், இந்து. விரும்பிக் கட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை லில்லியையும் மகளையும் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை மணி வெளியே வேப்பமரத்தடியில் நிற்பான். மகள் பேர் பியூலா. இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்காத வயசு. காணிக்கைப் பையைப் பிடித்து இழுத்து விளையாடும்.

புது வருஷத்தன்று எங்கள் கோயிலில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். ஒரு தட்டில் சுருட்டிய சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். குடும்பத்துக்கு ஒன்று. அந்த வருஷம் பூராவும் அது தங்களுக்குக் கடவுள் கொடுத்த வாக்கு என்று எடுத்துக்கொண்டு வீட்டில் ஒட்டிவைப்பார்கள். பெரிய மழை பெய்த வருஷம் லில்லிக்கு வந்தது, தண்ணீரைக் கடக்கும்போது நான் கூட இருப்பேன், வெள்ளம் உன்மேல் புரளாது என்ற பொருள்பட வருகிற வசனம். கதவு நிலைக்கு மேலே கோதுமைப் பசை போட்டு ஒட்டியிருந்தாள். நானே பார்த்து, "நல்ல வசனம்டி" என்றிருக்கிறேன்.

மழை விடாமல் பெய்து ஏரிக்கரை உடைந்தது ஒரு காலை நேரம். மணி காட்டாங்குளத்தூரில் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டான். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஓடவில்லை. பக்கத்து வீட்டு சரோஜா கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளோடு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கிளம்பியிருக்கிறாள். "லில்லி, கொயந்தய தூக்கிக்கினு வா, தண்ணி ஏறிக்கினே கீது" என்று கத்தியிருக்கிறாள். லில்லி கதவு நிலையைக் கையால் காட்டி, "எங்களுக்கு வாக்குத்தத்தம் இருக்கு, அக்கா. நீ போ" என்றிருக்கிறாள். குழந்தையைக் கட்டில்மேல் உட்காரவைத்து முழங்காலில் நின்றிருக்கிறாள். பின்சுவர் மண்சுவர். அப்படியே உட்கார்ந்துவிட்டது. லில்லியை முருங்கைமரம் பிடித்துக்கொண்டது. பியூலாவை யாரும் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் சரோஜா என்னிடம் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டாள். "நா இழுத்துக்கினு வந்துருக்கணும் பைபிள் அம்மா. சாமி விஷயமாச்சேன்னு வுட்டுட்டேன்" என்றாள்.

மழை சற்று நின்ற பிறகு குழந்தை கிடைத்தது. மணி ரயில்பாதை ஓரமாகவே நடந்து வந்து சேர்ந்தான். கல்லறைத் தோட்டத்தில் கணுக்கால் தண்ணீர். வெட்ட வெட்டக் குழியில் ஊற்று. குழி வெட்டுகிறவர், "ஐயரே, இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது, எறக்கிடலாம்" என்றார். ஐயர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வெள்ளை அங்கியோடு குழிக்குள் இறங்கினார். பக்கெட்டை வாங்கி இறைக்க ஆரம்பித்தார். இறைக்க இறைக்க ஊறியது. ஆஸ்துமா இழுக்கிறது, எங்கள் எல்லோருக்கும் கேட்கிறது. ஜெயராஜ் சார், "ஐயா, மேல வாங்க, உடம்புக்கு ஆகாது" என்றார். "பெட்டி தண்ணியில எறங்குற சத்தம் அந்தப் பொண்ணு காதுல விழக்கூடாது சார். நீங்க செங்கல்லை எடுத்துக் குடுங்க" என்றார். ஜெயராஜ் சார் பேன்ட்டை மடித்துக்கொண்டு செங்கல் எடுத்துக் கொடுத்தார். அடியில் செங்கல் வரிசை வைத்து, அதன்மேல் மணல் கொட்டி, மணல் ஈரமாவதற்குள் அந்தச் சின்னப் பெட்டியை இரண்டு கையால் வாங்கி வைத்தார். சத்தமே இல்லை. அவரால் மேலே ஏற முடியவில்லை. மணிதான் குனிந்து, "கையக் குடுங்க சாமி" என்று தூக்கிவிட்டான்.

அதற்குப் பிறகு ஊர் பேச ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்த ஒருவர் இது கடைசி காலத்து அடையாளம் என்றார். ஜெபக்கூட்டத்தில் ஒரு அம்மாள் லில்லிக்கு விசுவாசம் போதவில்லை என்றார். ஜெயராஜ் சார் நல்ல மனிதர். பள்ளிக்கூடத்தில் தங்கினவர்களுக்குப் பால்பவுடர் கரைத்து ஊற்றியவரே அவர்தான். அவரும் லில்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அவிசுவாசிக்கு வாழ்க்கைப்பட்டா தேவன் சில சமயம் இப்படிப் பேசுவாரு. உன் புருஷனை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவா" என்று சொல்லிவிட்டார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். லில்லி அன்றோடு மணியிடம் பேசுவதை நிறுத்தினாள். சாப்பாடும் இல்லை. காலையில் எழுந்ததும் ஏரிக்குப் போய், தண்ணீர் ஓரம் நின்றுகொண்டிருப்பாள். சரோஜா ஓடிப்போய்க் கூட்டிவருவாள். மறுநாளும் போய் நிற்பாள்.

"அவ எதுக்கு நிக்கிறான்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார் ஐயர். "விடியறப்ப அவ வீட்டுல இருங்க கிரேஸம்மா. வேலையைப் பாருங்க. கடையைத் தொறக்காதீங்க."

நான் போனேன். பின்சுவர் இருந்த இடத்தில் மணி கீற்று கட்டியிருந்தான். சேறு வாரிக் கொட்டினேன், துணி அலசினேன், கஞ்சி வைத்தேன். அவள் ஏரிக்குக் கிளம்பினால் நானும் பின்னாலே போய்ப் பக்கத்தில் நிற்பேன். சாயங்காலம் சரோஜா பார்த்துக்கொள்வாள். மனப்பாட வசனமெல்லாம் தொண்டைவரை வரும். விழுங்கிக்கொள்வேன். அந்த வேலையில் எனக்கு அதுவே பெரிய கஷ்டமாக இருந்தது.

ஐயரும் தவறாமல் வருவார். ஒருநாள் அவர் வந்து தரையில் உட்கார்ந்ததும் லில்லி வாயைத் திறந்தாள்.

"ஐயரே, அந்த வசனம் பொய்யா, இல்ல நான் தப்பா நம்பிக்கினனா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெளிச்சத்தில் பார்த்தார். மாட்டினார்.

"தெரியலம்மா" என்றார்.

மூலையில் இருந்த மணி எழுந்துவிட்டான். "இன்னா ஐயரே, தெர்லன்றீங்க? சீட்டு நீங்கதான குடுத்தீங்க? படிச்சவரு நீங்களே தெர்லன்னா நாங்க எங்க போய்க் கேக்கறது?"

"நான்தான் குடுத்தேன் மணி. அதனால உன் பொண்டாட்டி மேல குத்தம் இல்ல, உன் மேலயும் இல்ல. வேதத்துல, கோபுரம் இடிஞ்சு செத்தவங்க மத்தவங்களைவிடப் பாவிங்களான்னு ஆண்டவரே கேட்டாரு. இல்லைன்னு பதிலும் அவரே சொன்னாரு. அதுக்கு மேல ஏன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது இந்தப் புள்ள பேர்ல பொய் சொல்றது."

லில்லி, "அப்ப நான் யாரைக் கேக்கறது?" என்றாள்.

"அவரையே கேளு. சிலுவையில தொங்கினவரே ஏன் கைவிட்டீர்னு சத்தமாத்தான் கேட்டாரு. நீ கேட்டா குத்தமா?"

அவள் கேட்டாள். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சேறு காயாத தரையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு, மேலே பார்த்து, நீ வா போ என்று, வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டாள். கூட இருப்பேன்னியே, எங்க இருந்த என்றாள். என் குழந்தை கூப்பிட்டது உனக்குக் காதுல விழலயா என்றாள். தேவதூஷணமாகிவிடுமே என்று நான் ஐயர் முகத்தைப் பார்த்தேன். ஐயர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் களைத்து நின்றதும், மெதுவாக, "ஆமென்" என்றார்.

அதுவரை அவள் அழவில்லை. அப்போதுதான் அழுதாள். மணியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அடுக்களைக்குப் போய்க் கஞ்சியைச் சூடு பண்ணினேன். இரண்டு பேரும் குடித்தார்கள்.

மறுநாளும் லில்லி ஏரிக்குப் போனாள். இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நான் பின்னால் போனபோது அவள் திரும்பிப் பார்த்து, "வாங்க, போலாம்" என்று அவளே வீட்டுக்கு நடந்தாள். அப்புறம் போவது நின்றது.

மழைக்காலம் முடிந்ததும் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். வீடு தப்பினவர்கள் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். ஐயர் பீடத்தருகே நின்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நன்றி சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க. 'எங்களை மட்டும்'னு சொல்லாம சொல்லுங்க." எழுந்திருந்த பலர் உட்கார்ந்துவிட்டார்கள். ஜெயராஜ் சார் எழுந்து நின்றார், நின்றுகொண்டே இருந்தார், பிறகு, "எங்க வீட்டுல தண்ணி வரல. லில்லி வீட்டுல வந்துச்சு. எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல" என்று சொல்லி உட்கார்ந்தார். நான் கேட்ட சாட்சிகளிலே எனக்கு மறக்காதது அது.

வருஷக் கடைசியில் வெஸ்ட்ரியில், ஐயர் அங்கி மாட்டுகிற கோயில் அறையில், உட்கார்ந்து, அச்சடித்து வந்த வசனங்களை நான் கத்தரித்துக்கொண்டிருந்தேன். ஐயர் சுருட்டிக்கொண்டிருந்தார். கமிட்டியில் இருந்து ஜெயராஜ் சார் வந்து, "அந்தத் தண்ணி வசனத்தை எடுத்துடலாம் ஐயா. யார் மனசும் நோகக்கூடாது" என்றார். அப்போதுதான் லில்லி உள்ளே வந்தாள். இடிந்த வீட்டின் கதவு நிலையிலிருந்து பிய்த்து எடுத்த பழைய சீட்டு அவள் கையில். பாதிவரை சேற்றுக் கறை. தட்டில் வைத்தாள்.

"எடுக்காதீங்க சார். வசனம் இருக்கட்டும். சும்மா மட்டும் குடுக்காதீங்க. சீட்டு வந்துச்சு ஐயரே, ஆளு வரல. சரோஜா அக்கா கயிறு எடுத்துக்கினு வந்துச்சு. கூட இருப்பேன்னது அதுதானோ என்னமோ. நான்தான் செவுத்தப் பாத்துக்கினு இருந்துட்டேன். கோயில்லேருந்து ஒருத்தர் வந்து வாடின்னு கூப்ட்டிருந்தா போயிருப்பேன்."

ஐயர் வெகுநேரம் கண்ணாடி துடைத்தார். ஜெயராஜ் சார் கிண்டல் பண்ணவில்லை.

அந்தப் புது வருஷத்தில் சீட்டின் பின்பக்கம் பெயர் இருந்தது. நீங்கள் எடுப்பது உங்களுக்கான சீட்டு இல்லை, இன்னொரு வீட்டுக்கு உள்ளது. அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் பூரா அந்த வீட்டுக்கு வியாதியோ வெள்ளமோ வந்தால் முதல் ஆளாகப் போக வேண்டியது நீங்கள். "எந்தச் சபையிலயும் இல்லாத வழக்கமா இருக்கே" என்று சிலர் முணுமுணுத்தார்கள். "இல்லதான்" என்றார் ஐயர். லில்லி கடைசி பெஞ்சில் இருந்தாள். தட்டு அவளிடம் போனது. கையை நீட்டுவாளா? கொஞ்சநேரம் தட்டையே பார்த்தாள். பிறகு எடுத்தாள். வசனத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "யாரும்மா இது? வீடு எங்க?" என்று என்னைக் கேட்டாள்.

ஐயர் வேறு சபைக்கு மாற்றலாகிப் போனார். சில வருஷத்தில் ஆண்டவரிடம் போய்விட்டார். அவர் அடக்கத்துக்கு வந்தவர்களில் மணி முதல் ஆளாக மண் போட்டான். ஞானஸ்நானம் அவன் எடுக்கவே இல்லை. எடு என்று ஐயர் ஒருநாளும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளில் இன்னொரு பெரிய மழை வந்தது. இந்தத் தடவை எங்கள் தெருவிலும் தண்ணீர். என் வீட்டுக்காரர் காலில் அறுவை செய்து நடக்க முடியாமல் கிடந்தார். மத்தியான நேரம், தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தேன். இத்தனை வருஷ வேலையில் எத்தனை பேருக்கு என்னென்ன சொன்னேன், எனக்கு என்று வரும்போது அவ்வளவுதான்.

கதவைத் தள்ளுகிற சத்தம். லில்லியும் மணியும். மணி கையில் லாரி டியூப், இடுப்பில் கயிறு. ஐயர் போன பிறகும் பெயர்ச்சீட்டு வழக்கம் நிற்கவில்லை, அந்த வருஷம் என் பெயர் தனக்கு விழுந்ததாக லில்லி கோயிலிலேயே சொல்லியிருந்தாள். சீட்டை மட்டும் அவள் கொண்டுவந்து தரவே இல்லை. எனக்குக்கூட உள்ளுக்குள் சின்ன வருத்தம்.

"இருடி, ஜெபத்தை முடிச்சிடறேன்" என்றேன்.

"ஆமென் அங்க போயி சொல்லிக்கலாம் பைபிள் அம்மா. எழுந்திரிங்க."

மணி என் வீட்டுக்காரரை டியூபில் ஏற்றினான். என் கையை லில்லி விடவே இல்லை. மார்பளவு தண்ணீரில் அவள் எனக்கு முன்னால் ஒவ்வொரு காலாக வைத்துப் பார்த்து நடந்தாள். அவள் மூச்சு இரைப்பது கேட்டது. தண்ணீர் என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேச்சுக் கொடுக்கலாம் என்று, "என் வசனம் என்னடி? சொல்லவே இல்லையே" என்று கேட்டேன்.

காலைத் தரையில் ஊன்றிப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"வசனம் மறந்துபோச்சும்மா. உங்க பேருதான் ஞாபகம் இருந்துச்சு."